முண்டு வத்தலை ரயில் பார்சலில் அனுப்புவது எப்படி

2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு நம் ராமநாதபுரம் முண்டு வத்தலை, அதாவது காய்ந்த குண்டு மிளகாயை, வெளியூர்க்காரர்கள் பேர் சொல்லியே கேட்கிறார்கள். அஞ்சு மூட்டை, பத்து மூட்டை கேட்டால் எல்லோரும் லாரி சர்வீஸைத்தான் தேடுகிறோம், ரயில் என்றால் கூட்ஸ் வண்டி, அது பெரிய கம்பெனிகளுக்கு என்று நினைத்துவிடுகிறோம். கூட்ஸ் வண்டி நமக்குத் தோதுப்படாதுதான், நாற்பது வேகனை நாம் எங்கே நிரப்புவது? ஆனால் நாம் ஏறிப் போகும் எக்ஸ்பிரஸிலேயே கார்டு பெட்டியை ஒட்டி லக்கேஜ் அறை இருக்கிறது. பார்சல் அதில்தான் போகிறது.

முதலில் எங்கே ஏற்றுவது என்று முடிவு பண்ணுங்கள். ராமநாதபுரத்தில் வண்டி நிற்பது சில நிமிடம்தான், அதற்குள் பத்து மூட்டை ஏறாது. மூட்டை கூடுதலாக இருந்தால், எதிர்த்திசையில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போனாலும், வண்டி புறப்படும் ராமேஸ்வரத்துக்கே கொண்டுபோவது நல்லது. 2022 டிசம்பரிலிருந்து பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடாததால் இந்த வழியே இல்லாமல் இருந்தது, 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் திறந்த பிறகுதான் திரும்பக் கிடைத்திருக்கிறது. காற்று பலமாக அடித்தால் பாலத்தில் வண்டியை விட மாட்டார்கள், அதனால் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நாள் முன்னே பின்னே ஆகும் என்று வாங்குபவரிடம் சொல்லி வையுங்கள்.

மூட்டையை வீட்டிலிருந்து கிளப்பும் முன்னாடியே பார்சல் ஆபீஸில் இடம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். சில வண்டிகளில் அந்த அறையைக் குத்தகைக்கு விட்டிருப்பார்கள், அப்படியென்றால் குத்தகைக்காரரிடம் பேச வேண்டும்.

அப்புறம் கட்டு. இதில்தான் பாதி வேலை இருக்கிறது. வத்தலைக் கையில் அள்ளிக் குலுக்கினால் உள்ளே விதை கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும், கேட்கவில்லை என்றால் இன்னும் ஒரு வெயில் காயட்டும், ஈரத்தோடு கட்டினால் போய்ச் சேருவதற்குள் பூசணம் பூத்துவிடும். கோணி ஊசியில் சணல் கோர்த்து நெருக்கமாகத் தையுங்கள், இரண்டு மூலையிலும் காது விட்டுக் கட்டினால் தூக்குகிறவர்கள் கொக்கி போட மாட்டார்கள். சாக்கில் பழைய எழுத்து இருந்தால் அழித்துவிட்டு, அனுப்புகிறவர், பெறுகிறவர், இறங்கும் ஸ்டேஷன் எல்லாவற்றையும் அழியாத மையில் பெரிதாக எழுதுங்கள். அதே விவரத்தை ஒரு சீட்டில் எழுதி மூட்டைக்குள்ளும் போடுங்கள். ஒரு தடவை நான் அட்டையில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிக் கட்டி அனுப்பினேன், மழையில் அட்டை ஊறிக் கிழிந்துபோய், யார் மூட்டை என்றே தெரியாமல் நாலு நாள் கிடந்தது. உள்ளே சீட்டு இருந்திருந்தால் அன்றைக்கே பிரித்துப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பார்கள்.

ஆபீஸில் ஒரு படிவம் தருவார்கள், என்ன சரக்கு, எத்தனை உருப்படி என்று எழுதி அடையாள அட்டையும் பில்லும் காட்ட வேண்டும். மதிப்பு என்ற இடத்தைச் சும்மா விடாதீர்கள். மதிப்பை எழுதி அதற்கான சிறு கட்டணத்தைக் கட்டாவிட்டால், தொலைந்துபோனால் கிலோவுக்கு இவ்வளவு என்ற சொற்பத் தொகைதான் கிடைக்கும். வத்தல் எடை குறைந்து இடத்தை அடைக்கும் சரக்கு என்பதால் அளவையும் வைத்துக் கணக்குப் போடலாம், கட்டணத்தை முன்னாடியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்களே அதே வண்டியில் போகிறீர்கள் என்றால் டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் பதியலாம். படுக்கை வகுப்பில் ஆளுக்கு 40 கிலோ இலவசம்.

பார்சல் ஆபீஸில் தரும் அசல் ரசீதை அன்றைக்கே பெறுகிறவருக்கு அனுப்பிவிடுங்கள், அது இல்லாமல் போனால் பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். வண்டி வந்ததும் எடுக்கச் சொல்லுங்கள், இலவச நேரம் தாண்டினால் மணிக்கணக்கில் வாடகை ஏறும். தையல் பிரிந்தோ மூட்டை இளைத்தோ தெரிந்தால், கையெழுத்துப் போடும் முன்னாடியே அங்கேயே எடை போட்டுத் தரச் சொல்லிக் கேட்க வேண்டும், கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டுப் பிரயோஜனம் இல்லை.