ஜாவாவா, பைத்தானா? வேலைக்காக முதல் மொழியை எடுப்பது எப்படி

எந்த புரோகிராமிங் மொழி நல்லது என்று பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பதில் வரும். பத்தும் ஓரளவு சரியாகவே இருக்கும், அதுதான் சிக்கல். வேலை தேடுபவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: நான் போய் வேலை பார்க்கக்கூடிய ஊரில், அனுபவம் இல்லாதவரை எடுக்கும் இடங்களில் எதைக் கேட்கிறார்கள்? இதற்கான விடை வேலை விளம்பரங்களிலேயே இருக்கிறது. ஒரு மாலை உட்கார்ந்து எண்ணினால் கிடைத்துவிடும்.

நௌக்ரி, லிங்க்ட்இன் இரண்டிலும் ஊரைப் போடுங்கள்: சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரு, எதுவோ அது. அனுபவம் 0 முதல் 1 ஆண்டு, லிங்க்ட்இனில் 'என்ட்ரி லெவல்'. தேடும் கட்டத்தில் 'சாஃப்ட்வேர் டெவலப்பர்' என்று மட்டும் தட்டுங்கள். மொழியின் பெயரைத் தட்டினால் அந்த மொழிதான் ஊரெல்லாம் ஓடுவது போலத் தோன்றும். கடந்த 15 நாளில் வந்த 40 விளம்பரங்களைத் திறந்து, கட்டாயம் வேண்டும் என்று கேட்ட மொழிக்கு 2 மதிப்பெண், தெரிந்தால் நல்லது என்றதற்கு 1 என்று நோட்டில் போட்டு வாருங்கள். பக்கத்தில் வேலையின் பெயரையும் எழுதுங்கள். டெவலப்பர், டெஸ்டர், சப்போர்ட், அனலிஸ்ட் எல்லாம் ஒன்றல்ல. ஒரே கன்சல்டன்சி ஒரே வேலையை நான்கு தலைப்பில் போட்டிருந்தால் ஒன்றாகவே எண்ணுங்கள். 'பயிற்சிக் கட்டணம் உண்டு' என்று கண்ணில் பட்டால் அடித்துவிடுங்கள். அது வகுப்புக்கான விளம்பரம்.

அனுபவ வடிகட்டியை விட்டுவிட்டு எண்ணுவதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. அப்படி எண்ணினால் பைத்தான் மேலே வந்து நிற்கும். உள்ளே போய்ப் பார்த்தால் அதில் பல டேட்டா சயின்ஸ், மெஷின் லேர்னிங் வேலைகள். மூன்று வருடம், ஐந்து வருடம் அனுபவம் கேட்பவை. பைத்தான் கற்க எளிது என்பது உண்மை. பைத்தானை மட்டும் வைத்துக்கொண்டு முதல் வேலை எளிது என்பது வேறு விஷயம்.

பட்டியல் கைக்கு வந்ததும் அதை எப்படிப் படிப்பது?

ஜாவா 1995-இல் வந்தது. வங்கி, காப்பீடு, டெலிகாம் நிறுவனங்களின் பின்னணி வேலை இன்னும் பெருமளவு அதில்தான் ஓடுகிறது. அந்தத் துறைகளுக்கு வேலை செய்து கொடுப்பவை சென்னையின் ஐ.டி. சாலையான ஓ.எம்.ஆரில் வரிசையாக நிற்கும் சர்வீஸ் கம்பெனிகள் என்பதால், ஜாவா அவ்வளவு சீக்கிரம் பட்டியலை விட்டுப் போகாது. டெஸ்டிங் பக்கம் போனாலும், வெப்சைட்டைத் தானாகச் சோதிக்கும் கருவியான செலினியத்தை ஜாவாவோடு கேட்பது வழக்கம். குறை என்னவென்றால், வெறும் ஜாவா போதாது. ஸ்பிரிங் பூட் (ஜாவாவுக்கான ஃப்ரேம்வொர்க், அதாவது தயார் நிலைக் கட்டமைப்பு), எஸ்கியூஎல் (டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி) இரண்டும் சேர்ந்தால்தான் விளம்பரத்தில் கேட்பது முழுமையாகும். புதிதாகத் தொடங்குபவர் ஜாவா 17 அல்லது 21-ஐ நிறுவிக்கொள்ளலாம். பழைய புராஜெக்ட்களில் ஜாவா 8 இருக்கும், அதை வேலையில் சேர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

கண்ணில் தெரியும் ஒன்றைச் சீக்கிரம் செய்து காட்ட வேண்டும், சின்ன கம்பெனி என்றாலும் சரி என்பவருக்கு ஜாவாஸ்கிரிப்ட். பெயர் ஒற்றுமையைத் தவிர ஜாவாவுக்கும் இதற்கும் உறவு கிடையாது. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், பிறகு ரியாக்ட் (வெப் திரைகளைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் கருவி) என்று போகும் வழி இது. நேராக ரியாக்ட்டில் குதிப்பவர்கள் இன்டர்வியூவில் ஜாவாஸ்கிரிப்ட் அடிப்படையான குளோஷர், பிராமிஸ், லெட்டுக்கும் (let) வாருக்கும் (var) என்ன வித்தியாசம் என்ற மூன்று கேள்வியிலேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

பி.காம், பி.எஸ்சி கணிதம் மாதிரிப் பின்னணியிலிருந்து அனலிஸ்ட் வேலைக்குப் போகிறவர் எக்செல், எஸ்கியூஎல், அதன் மேல் பைத்தான் என்று வரிசையை வைத்துக்கொள்ளலாம். இங்கே முதல் மொழி எஸ்கியூஎல்தான். கார் பாகம், மின்னணுக் கருவி செய்யும் நிறுவனங்களின் எம்பெடட் வேலைக்கு, அதாவது கருவிக்குள்ளேயே ஓடும் புரோகிராம் எழுதும் வேலைக்கு, முதலில் கேட்பது பெரும்பாலும் சி-தான். ஈசிஇ, ஈஈஈ படித்தவர்கள் அதை விட்டுவிட்டு வெப் டெவலப்மென்ட்டுக்கு ஓடுவது பல நேரம் வீண். பிஎச்பி, சி ஷார்ப் இரண்டும் உங்கள் 40 விளம்பரங்களில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் தயங்காமல் எடுக்கலாம், வராவிட்டால் வேண்டாம்.

கல்லூரியில் இறுதியாண்டில் இருப்பவருக்குக் கணக்கு மாறும். கேம்பஸ் தேர்வின் கோடிங் சுற்றில் சி, சி பிளஸ் பிளஸ், ஜாவா, பைத்தான் என்று விருப்பப்பட்டதில் எழுத விடுவதுதான் வழக்கம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017, 2021 பாடத்திட்டங்களில் பொறியியல் முதல் பருவத்திலேயே பைத்தான் இருந்தது. தேர்வுக்கு நான்கு மாதம் இருக்கும்போது புது மொழி தேடாமல், ஏற்கெனவே கை பழகியதிலேயே அரே, ஸ்டிரிங், லூப் கணக்குகளைப் போட்டுப் பழகுங்கள். பெரிய சர்வீஸ் கம்பெனியில் சேர்ந்தால் அவர்களே பயிற்சி கொடுத்து, எந்த புராஜெக்ட் காலியோ அதன் மொழியில் போடுவார்கள்.

இரண்டு மொழி சமமாக வந்து நின்றால், இரண்டிலும் ஒரே சின்ன புரோகிராமை எழுதிப் பாருங்கள்: வயதைக் கேட்டு, அடுத்த வருடம் எத்தனை என்று சொல்ல வேண்டும். பைத்தானில் 'இன்புட்' மூலம் வாங்கிய 25 எண் அல்ல, எழுத்துத் தொடர். அதோடு 1-ஐக் கூட்டினால் டைப் எரர் என்று சொல்லி அங்கேயே நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்டில் 'பிராம்ப்ட்' மூலம் வாங்கியதோடு 1-ஐக் கூட்டினால் சத்தமே இல்லாமல் 251 என்று விடை வரும். அதே 25-லிருந்து 1-ஐக் கழித்தால் மட்டும் ஒழுங்காக 24 வரும். ஜாவாவில் எழுத்துத் தொடரை எண்ணுக்கான வேரியபிளில் வைக்க முயன்றால் கம்பைல் ஆகும்போதே, அதாவது ஓடுவதற்கு முன் கோடை மாற்றும் கட்டத்திலேயே, தடுத்துவிடும், புரோகிராம் ஓடவே ஓடாது. முன்கூட்டியே கண்டிப்பது, ஓடும்போது நிறுத்துவது, கண்டுகொள்ளாமல் விடுவது என்று மூன்று குணம். எது உங்களுக்கு எரிச்சல் குறைவோ அதில் ஆறு மாதம் உட்கார முடியும்.

லேப்டாப்பையும் பாருங்கள். ரேம் 4 ஜிபிதான் என்றால் மொபைல் ஆப் செய்யும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ பக்கமே போக வேண்டாம். ஜாவாவுக்கு இன்டெலிஜே என்ற பெரிய எடிட்டரும் திணறும், விஎஸ் கோடு என்ற இலகுவான எடிட்டரும் கமாண்ட் பிராம்ப்டும் போதும். 8 ஜிபி இருந்தால் இந்தக் கட்டுரையில் சொன்ன மற்ற எல்லாம் ஓடும். விண்டோஸில் பைத்தானின் வழக்கமான இன்ஸ்டாலரை ஓட்டும்போது முதல் திரையின் அடியில், 'பாத்'தில் (கமாண்ட் பிராம்ப்ட் புரோகிராம்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) சேர்க்கவா என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்யாமல் விட்டால், பைத்தான் என்று தட்டியதும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொண்டு குழப்பும். மறுபடி இன்ஸ்டாலரை ஓட்டி டிக் செய்வதே சுலபமான வைத்தியம். ஜாவாவில் முதல் நாள் தடங்கல் ஃபைல் பெயர்: பப்ளிக் கிளாஸின் பெயரும் ஃபைலின் பெயரும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து உட்பட ஒன்றாக இருக்க வேண்டும்.

மொழி முடிவானதும் 24 வாரம், நாளுக்கு 2 மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் 8 வாரம் மொழியின் அடிப்படை. வீடியோ அரை மணி, சொந்தமாக எழுதுவது ஒன்றரை மணி. இந்தக் கணக்கு தலைகீழானால் மூன்று மாதம் கழித்து வெற்று ஃபைலைத் திறந்து வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். 5-ஆம் வாரத்திலிருந்து எஸ்கியூஎல்லும் வாரம் 3 மணி நேரம். 9 முதல் 14 வரை பட்டியலில் கூடவே வந்த கருவி: ஸ்பிரிங் பூட், ரியாக்ட், பைத்தானில் அட்டவணைத் தரவைக் கையாளும் பாண்டாஸ், எதுவோ. 15-இலிருந்து ஒரே ஒரு புராஜெக்ட். கடைசி 4 வாரம் இன்டர்வியூ கேள்விகளும் விண்ணப்பமும்.

புராஜெக்ட் என்றதும் எல்லோரும் செய்யும் டூ-டூ லிஸ்ட் வேண்டாம். தெருமுனை மளிகைக் கடையின் கடன் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர், வரவு செலவு என இரண்டே டேபிள். சின்னதுதான், ஆனால் இன்டர்வியூவில் அரை மணி நேரம் பேச விஷயம் இருக்கிறது. பணத்தை ஃப்ளோட், டபுள் வகைத் தசமப் புள்ளி எண்ணாக வைத்தால் 0.1 + 0.2 என்பது 0.30000000000000004 என்று வரும். பைசாவாக மாற்றி முழு எண்ணாக வைக்க வேண்டும். 'கடந்த 30 நாளில் எதுவும் வாங்காதவர் யார்' என்று கேட்க, இரண்டு டேபிளையும் லெஃப்ட் ஜாயின் போட்டு இணைத்து (வாடிக்கையாளர் எல்லோரும் வருவார்கள், வாங்காதவருக்கு மற்ற கட்டங்கள் காலி), தேதி நிபந்தனையை 'வேர்' (WHERE) பகுதியில் எழுதினால், நாம் தேடும் ஆட்களே பட்டியலிலிருந்து காணாமல் போவார்கள். காரணம், எதுவுமே வாங்காதவருக்குத் தேதி காலியாக இருக்கும், காலியானது எந்தத் தேதி ஒப்பீட்டையும் தாண்டாது; முன்பு வாங்கியவரின் பழைய தேதியும் தாண்டாது. தேதி நிபந்தனையை 'ஆன்' (ON) பகுதிக்கு நகர்த்தி, தேதி காலியாக இருப்பவரை மட்டும் 'வேர்' பகுதியில் எடுத்தால் சரியாகும். ஜாவாவில் வாடிக்கையாளர் பெயரை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால், நீங்களே கோடில் எழுதி வைத்த பெயர்களுக்குச் சரியாக வரும். பயனர் தட்டிய பெயருக்குத் தவறும். 'ஈக்வல்ஸ்' போட வேண்டும்.

இந்த மாதிரித் தவறுகளை ஏஐ கருவி நொடியில் திருத்திக் கொடுக்கும். வாங்கிக்கொள்ளலாம், ஆனால் ஏன் தவறியது என்று உங்கள் சொந்த வார்த்தையில் புராஜெக்ட்டை விளக்கும் ரீட்மீ ஃபைலில் இரண்டு வரி எழுதிவிட்டு, கோடைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றுங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் கோடில் ஒரு வரியைக் காட்டி 'இதை எடுத்துவிட்டால் என்ன ஆகும்' என்று கேட்கும்போது அந்த இரண்டு வரிதான் கை கொடுக்கும்.

நடுவில் மொழி மாற்றும் ஆசை வரும், பெரும்பாலும் 6-ஆம் வாரம் வாக்கில், அப்ஜெக்ட், கிளாஸ் எல்லாம் குழம்பும்போது. அது எந்த மொழியிலும் அதே இடத்தில்தான் குழம்பும். மாற்றுவதற்கு நியாயமான காரணம் ஒன்றே: 12-ஆம் வாரம் மறுபடி 40 விளம்பரங்களை எண்ணுகையில் உங்கள் மொழி முதல் மூன்று இடத்தில் இல்லாமல் போவது.

விண்ணப்பத்தில் ஏழு மொழியை வரிசையாக எழுத வேண்டாம். எழுதிய ஒவ்வொன்றிலும் கேள்வி வரும். முதல் மொழி, எஸ்கியூஎல், ஒரு ஃப்ரேம்வொர்க், புராஜெக்ட்டின் இணைப்பு போதும். போலி அனுபவச் சான்றிதழ் விற்பவரிடம் போகாதீர்கள். பின்னணி சரிபார்ப்பில் பி.எஃப். கணக்கைப் பார்த்தாலே தெரிந்துவிடும், சேர்ந்த பிறகும் வேலை போகும். மொழியைக் கற்று முடித்த பிறகுதான் அனுப்புவேன் என்று காத்திருக்காமல், 21-ஆம் வாரத்திலிருந்து வாரத்துக்கு 15 விண்ணப்பம் அனுப்பி, எந்தச் சுற்றில் வெளியேறினீர்கள் என்று அதே நோட்டில் குறியுங்கள். கணக்கு, தர்க்கம் கேட்கும் ஆப்டிட்யூட் சுற்றிலேயே வெளியே வந்துகொண்டிருந்தால், மாற்ற வேண்டியது மொழியை அல்ல.