பள்ளித் தோட்டப் பயிற்சி: மண்ணைத் தொடாமலே சான்றிதழ்

பள்ளித் தோட்டத்தில் பாடம் நடத்தப் பயிற்சி என்று ஆசிரியர்களை அழைத்து, நாள் முழுக்கத் திரைக்கு முன்னால் உட்கார வைத்துவிடுகிறார்கள். உரம் தயாரிப்பதும் பாத்தி கட்டுவதும் படம் படமாக ஓடுகின்றன. மாலையில் சான்றிதழ். ஒருவர் கையிலும் மண் ஒட்டியிருக்காது. முதல் தவறு இது. மற்றவை பெரும்பாலும் இதன் பிள்ளைகள்.

செடி வளர்க்கத் தெரிந்த ஆசிரியர்களுக்குப் பஞ்சமில்லை. நாற்பது பிள்ளைகளை வெளியே அழைத்துப்போய் அரை மணி நேரத்தில் ஒரு பாடத்தை நடத்தி முடிப்பதுதான் கடினம். அங்கே எங்கே நிற்பது என்பதே ஒரு வித்தை. வெயில் ஆசிரியர் முகத்தில் விழ வேண்டும், பிள்ளைகளின் முதுகில் விழ வேண்டும். மாறி நின்றால் வகுப்பே கண்ணைச் சுருக்கிக்கொண்டு நெளியும். விளக்கத்தை முதலில் முடித்துவிட வேண்டும். களைக்கொத்து கைக்கு வந்தபின் யார் காதிலும் எதுவும் ஏறாது. ஓர் ஆசிரியர் பாடம் நடத்த, மற்றவர்கள் மாணவர்களாக நின்று பார்த்தால் பத்தே நிமிடத்தில் இது விளங்கிவிடும்.

தோட்டத்தை அறிவியல் ஆசிரியர் தலையில் மட்டும் கட்டுவது அடுத்த தவறு. ஒரு மீட்டர் நீள அகலமுள்ள பாத்தியில் 10 செ.மீ. இடைவெளிவிட்டு எத்தனை முள்ளங்கி விதை ஊன்றலாம்? விளிம்பிலேயே தொடங்கினால் 121. விளிம்பில் 5 செ.மீ. விட்டால் 100. இந்தச் சண்டையைப் பிள்ளைகளே போட்டுத் தீர்க்கட்டும். கணக்கு ஆசிரியர் கரும்பலகையில் இதைவிட நல்ல பாடம் நடத்திவிட முடியாது என்பேன்.

பட்டுப்போன நாற்றை யாரும் பார்ப்பதற்குள் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை நட்டுவைக்கும் வழக்கமும் உண்டு. அதிகாரி பார்வையிட வருகிற வாரமென்றால் கேட்கவே வேண்டாம். அந்தச் செடியைப் பிள்ளைகள் முன்னால் தோண்டிப் பாருங்கள். வேர் பழுப்பேறிக் குழைந்திருந்தால் தண்ணீர் அதிகமாகியிருக்கலாம். மண்ணின் துளைகளில் நீர் தேங்கி, வேருக்குக் காற்று கிடைக்காமல் போயிருக்கும். செத்த செடியை வைத்துப் பாடம் நடத்தும் துணிச்சலைப் பயிற்சி தராவிட்டால், தோட்டம் வெறும் காட்சிப்பொருள்தான்.

பயிர்க் கணக்கும் பள்ளிக் கணக்கும் வேறு. விதைத்த தக்காளி காய்க்கும்போது பள்ளிக்கு விடுமுறை வந்துவிடும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் அறுவடைக்கு வரும் முள்ளங்கியில் தொடங்குவது பிழைக்கும் வழி. களை பறிப்பதைத் தண்டனையாகக் கொடுப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதன்பின் தோட்டத்தை எந்தப் பிள்ளைக்குப் பிடிக்கும்?

ஒரு பள்ளிக்கு ஒரே ஆசிரியரைப் பயிற்றுவித்தால், அவர் மாறுதலாகிப் போன மாதமே பாத்தியில் புல் மண்டும். இருவராவது வர வேண்டும். கால அட்டவணை தலைமையாசிரியர் கையில் இருப்பதால் அவரும் அரை மணி நேரமாவது உட்கார வேண்டும். ஆறு வாரம் கழித்து எல்லாரையும் மறுபடி கூட்டுங்கள். அப்போது புதுப் படக்காட்சி வேண்டாம். வெளியே நடத்திய ஒரு பாடத்தையும், அதில் கோட்டைவிட்ட இடத்தையும் நோட்டில் எழுதி எடுத்துவரச் சொன்னால் போதும்.