ஊர் நடுகல்லைக் காக்க ஊராட்சித் தலைவர் செய்ய வேண்டியவை

சாலை போடும்போது, ஏரி தூர்வாரும்போது, கோயில் திருப்பணி நடக்கும்போது: ஊர் எல்லையில் நிற்கும் எழுத்துக் கல், குறிப்பாக இறந்த வீரனின் நினைவாக நட்ட நடுகல், பெரும்பாலும் இந்த மூன்று வேளைகளில்தான் காணாமல் போகிறது. மூன்றிலும் ஊராட்சித் தலைவரின் கையெழுத்தோ வாய்ச்சொல்லோ இருக்கும். அதனால் கல்லைக் காக்கும் முதல் பொறுப்பும் அவருடையதே.

முதலில் ஒரு பதிவேடு போடுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுவார்கள். ‘நடுகல் இருக்கிறதா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றே பதில் வரும். வேடியப்பன் கோயில் எங்கே, ஏரி மதகில் எழுத்து உண்டா, சுமைதாங்கிக் கல் எங்கே என்று கேளுங்கள். ஆடு மேய்ப்பவர்களுக்கும் மடை திறப்பவர்களுக்கும் தெரிந்திருக்கும். ஒவ்வொரு கல்லுக்கும் ஊரார் சொல்லும் பெயர், சர்வே எண், பட்டாவா புறம்போக்கா, உயரம், அகலம், தடிமன், செல்போன் காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை ஆகியவற்றை எழுதுங்கள்.

உச்சி வெயிலில் படம் எடுத்தால் எழுத்து தெரியாது. காலை ஏழு மணி வாக்கில் வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுக்க வேண்டும். இரவில் என்றால் டார்ச்சைக் கல்லின் விளிம்போடு ஒட்டிப் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் கட்டி எழுத்து எழும்பி வரும். பக்கத்தில் 30 செ.மீ. அளவுகோல் வையுங்கள். சுண்ணக்கட்டி, மாவு, பெயின்ட் எதையும் எழுத்தில் தடவக் கூடாது. தடவுகிறவர் தான் நினைத்த எழுத்தையே வரைந்துவிடுவார். பிறகு வாசிக்க வருகிறவரும் அந்தத் தப்பையே வாசிப்பார். எழுத்தைக் காகிதத்தில் ஒற்றிப் படி எடுப்பதைத் தொல்லியல் துறைக்கு விட்டுவிடுங்கள்.

எழுத்து நாம் எதிர்பார்க்கும் இடத்தில் மட்டும் இருக்காது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த, திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூர் நடுகல்லில், எருமைகளைக் காத்து இறந்த வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதை, வீரனைப் பற்றிய வரிகளிலிருந்து பிரித்துத் தனியாகவே பொறித்திருக்கிறார்கள். இப்படி ஒரு கல்லின் அடியில் சிமென்ட் மேடை கட்டி டைல்ஸ் ஒட்டினால் புதைவது கடைசி வரிகள்தான். சிமென்ட் ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். உப்பு பூத்துக் கல்லின் தோல் உரியும். எனாமல் பெயின்டும் உரியும்போது கல்லின் பொருக்கையும் சேர்த்தே எடுத்துப் போகும். மணலை வேகமாகப் பீய்ச்சிச் சுத்தம் செய்வது இவை எல்லாவற்றையும்விட மோசம்: ஆழமில்லாத எழுத்து ஒரே நாளில் மழுங்கிவிடும். தண்ணீரும் மென்மையான நார்த் தூரிகையும் போதும். கம்பி பிரஷ், ஆசிட் வேண்டாம்.

கும்பிடுவதைத் தடுக்காதீர்கள். இத்தனை நூற்றாண்டு அந்தக் கல் நின்றதே கும்பிட்டதால்தான். விளக்குக்கும் எண்ணெய்க்கும் இரண்டடி முன்னால் தனியாக ஒரு பலகைக்கல் போட்டுக் கொடுங்கள். மாலையும் தண்ணீர் அபிஷேகமும் இருக்கட்டும். பூசாரியோடு உட்கார்ந்து பேசினால் இது நடக்கும், உத்தரவு போட்டால் நடக்காது.

அடுத்தது கிராமசபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். குறைந்தால் தீர்மானம் நிற்காது. ‘பாரம்பரியத்தைக் காக்க வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் யாரையும் கட்டுப்படுத்தாது. ‘சர்வே எண் இன்னதில் உள்ள கல்லைச் சுற்றி 5 மீட்டருக்குள் ஜேசிபி இறங்கக் கூடாது, மண் கொட்டக் கூடாது, கல்லை நகர்த்தக் கூடாது’ என்று எழுதுங்கள். நகலை ஆட்சியர், வட்டாட்சியர், தொல்லியல் துறை மூவருக்கும் அனுப்பி ஒப்புகை வாங்குங்கள். மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியில் தமிழி (பழந்தமிழ் எழுத்து) கல்வெட்டும் சமணத் துறவிகளின் கற்படுக்கையும் உள்ள மலைப் பகுதியை டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் சேர்த்தபோது சுற்றுவட்டார மக்கள் போராடினார்கள், கிராமசபைகளில் தீர்மானம் போட்டார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது.

தீர்மானத்தில் உள்ள அதே வரியைச் சாலை, தூர்வாரும் பணிகளின் வேலை உத்தரவிலும் சேர்க்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: ஜேசிபி ஓட்டுநர் தீர்மானப் புத்தகத்தைப் பார்ப்பதில்லை. வேலை தொடங்கும் காலையில் கல்லைச் சுற்றிச் சவுக்குக் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டி, ஓட்டுநரை அழைத்துப்போய் நேரில் காட்டுங்கள். தோண்டும்போது சிலையோ காசோ கிடைத்தால் வேலையை நிறுத்தி, கிடைத்த இடத்திலேயே படம் எடுத்து, அன்றைக்கே ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை அறிவிப்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கட்டாயம்.

அறிவிப்புப் பலகை வைப்பதானால் கல்லிலிருந்து தள்ளித் தனிக் கம்பத்தில் வையுங்கள். துறை வாசித்துக் கொடுத்த வரிகள், அதன் பொருள், காலம் மட்டும் அதில் போதும். கல்லிலோ அதன் பீடத்திலோ தலைவர் பெயரைப் பொறிக்கக் கூடாது.