யூரியா மண்ணில் உடைவதை மஞ்சள் துணியால் பார்க்கலாம்: வீட்டுச் செய்முறை

தம்பலகாமத்திலோ கந்தளாயிலோ வயல் செய்கிறவர்களுக்கு யூரியா புதிதில்லை. அதன் எடையில் 46 வீதம் நைதரசன். ஆனால் நெல்லுக்கு அது பெரும்பாலும் யூரியாவாகவே போய்ச் சேருவதில்லை. மண்ணில் இருக்கும் பற்றீரியாக்களின் நொதியம் முதலில் அதை உடைத்து அமோனியாவாக்க வேண்டும். அந்த உடைப்பை வீட்டிலேயே கண்ணால் பார்க்கலாம்.

1. துணி

பழைய வெள்ளைப் பருத்தித் துணியைச் சவர்க்காரம் போகும்வரை நன்றாக அலசுங்கள். மஞ்சள் கரைத்த தண்ணீரில் நனைத்து, நிழலில் உலர்த்தி, விரலகல நாடாக்களாக வெட்டுங்கள். மஞ்சள் கறையில் சவர்க்காரம் பட்டால் சிவக்குமே, அமோனியா பட்டாலும் அதே சிவப்புத்தான். அதனால்தான் அலசச் சொன்னேன்.

2. மண்

வளவில் வாழையடியில், இலை மக்கிய இடத்தில் எடுங்கள். வெறும் கடற்கரை மணல் வேண்டாம். மக்கு குறைந்த மணலில் இந்த நொதியமும் குறைவு. எடுத்ததில் ஒரு பங்கைத் தாச்சியில் போட்டு, வெளியில் வைத்து, அரை மணி நேரத்துக்கு மேல் கிளறி வறுத்து ஆறவிடுங்கள். சூடான மண்ணில் யூரியாவைப் போட்டுவிடாதீர்கள். வெப்பமே அதைச் சிதைத்து அமோனியாவை வெளியேற்றும், அப்புறம் சோதனைக்கு அர்த்தமில்லை.

3. போத்தல்கள்

மூடியுள்ள மூன்று கண்ணாடிப் போத்தல் எடுங்கள். முதலாவதில் பச்சை மண்ணும் அரைத் தேக்கரண்டி யூரியாவும். இரண்டாவதில் வறுத்த மண்ணும் அதே அளவு யூரியாவும். மூன்றாவதில் பச்சை மண் மட்டும். எல்லாவற்றிலும் கொதித்தாறிய தண்ணீரைத் தெளித்து ஈரமாக்குங்கள், சேறாக்க வேண்டாம். மஞ்சள் நாடாவை ஈரமாக்கி, மண்ணில் படாமல் உள்ளே தொங்கும்படி மூடியில் மாட்டி இறுக்குங்கள்.

4. பார்ப்பது

சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் முதல் போத்தலின் நாடா செம்பழுப்பாக மாறத் தொடங்கும். மற்ற இரண்டும் மஞ்சளாகவே இருக்க வேண்டும். இரண்டாவதும் சிவந்தால் வறுத்தது போதவில்லை. போத்தலைத் திறந்து நேரே முகராதீர்கள், மூக்கும் கண்ணும் எரியும்.

உள்ளே நடந்தது

யூரியாவும் தண்ணீரும் தாமாகச் சேர்ந்து உடைவதென்றால் பல பத்தாண்டுகள் ஆகும். யூரியேஸ் என்ற நொதியம் அதைக் கண நேர வேலையாக்கி, அமோனியாவும் காபனீரொட்சைட்டுமாகப் பிரிக்கிறது. அதன் செயல்மையத்தில் இரண்டு நிக்கல் அணுக்கள் இருக்கின்றன. வாளவரை இனத்து விதையொன்றிலிருந்து இதை 1926 இல் பளிங்குகளாகப் பிரித்து, நொதியம் ஒரு புரதம் என்று காட்டியவர் ஜேம்ஸ் சம்னர். 1946 இல் நோபல் பரிசு பெற்றார். புரதம் என்பதால்தான் வறுத்ததும் உருக்குலைந்து செயலிழந்தது.

எனக்கு இதில் மிகப் பிடித்த விஷயம் வேறு. பற்றீரியா செத்து உடைந்த பின்னும் யூரியேஸ் களியிலும் மக்கிலும் ஒட்டிக்கொண்டு வேலை செய்துகொண்டே இருக்கும். மீன் கழிவைப் புதைக்கும்போது கதை கொஞ்சம் மாறும். அதிலுள்ள புரதம் பெரிய மூலக்கூறு, பற்றீரியாவுக்குள் அப்படியே நுழையாது. அதனால் பற்றீரியா நொதியத்தை வெளியே சுரந்து, புரதத்தை அமினோ அமிலங்களாக வெட்டி, பிறகு உள்ளே இழுக்கிறது. அமோனியா பிரிவது அதற்குப் பிறகுதான்.

வயலுக்கு

நாடாவைச் சிவக்க வைத்த அமோனியா, வயலில் என்றால் காற்றோடு போயிருக்கும். ஈர மண்ணின் மேல் யூரியாவைத் தூவிவிட்டுக் கச்சான் காற்றில் காய விட்டால் இழப்பு இன்னும் கூடும். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டபோது ஒரு மூட்டையின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. தூவியதை உடனே மண்ணோடு கலந்துவிடுங்கள். மேட்டுப் பயிரென்றால் நன்றாகத் தண்ணீர் பாய்ச்சுங்கள். மண்ணுக்குள் இறங்கிய அமோனியா அமோனியமாகிக் களியில் பிடிபடும்.

பற்றீரியாவே இல்லாமல் நொதியத்தை மட்டும் பார்க்க ஆசையிருந்தால், வத்தகப்பழ விதையைப் பச்சையாக அரைத்து, மண்ணுக்குப் பதில் போத்தலில் போட்டுப் பாருங்கள். அந்த விதையிலும் யூரியேஸ் உண்டு.