6 முதல் 8ஆம் வகுப்பு வரை ஆங்கிலப் பாடம்: எதை வாசிப்பது, எதை எழுதச் சொல்வது?

பாடம் எடுக்கத் தொடங்கிய புதிதில் ஞாயிறு இரவெல்லாம் இணையத்தில் சுவாரசியமான பயிற்சிகளைத் தேடிக் கொண்டிருப்பேன். முப்பது பக்கம் இறக்கி வைத்துவிட்டு, திங்கள் காலை பாடப்புத்தகத்தையே பிரிப்பேன். வாசிக்க ஒன்று, எழுத இன்னொன்று என்று தனித்தனியாகத் தேடியதுதான் கோளாறு. நல்ல சின்னப் பகுதி ஒன்று கிடைத்தால் போதும், எழுத வேண்டியது அதற்குள்ளேயே இருக்கும்.

படி 1: பிள்ளைகளிடம் கேளுங்கள்

ஒரு துண்டுச்சீட்டு கொடுங்கள். "பிடித்த புத்தகம் எது?" என்று கேட்காதீர்கள், நமக்குப் பிடித்த பதில்தான் வரும். "யாரும் சொல்லாமல் நீயாகக் கடைசியாக வாசித்தது எது?" என்று கேளுங்கள். விளையாட்டு விதிமுறை, ஜோக், போட்டிச் செய்தி, எதுவானாலும் சரி. பெயர் எழுத வேண்டாம்.

படி 2: சின்னதாக எடுங்கள்

நீங்கள் உரக்க வாசித்தால் ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டும். கதைதான் வேண்டும் என்றில்லை. 'காணவில்லை' அறிவிப்பு, புகார்க் கடிதம், பொருள் வாங்கியவர் எரிச்சலோடு எழுதிய விமர்சனம் எல்லாம் அருமையான வாசிப்பு. பழைய கதைகள் வேண்டுமானால் 1971இல் தொடங்கிய புராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். மொழி பழசு என்பதால் வெட்டித்தான் பயன்படுத்த வேண்டியிருக்கும்.

கடினமா என்று பார்க்க ஐந்து விரல் கணக்கு உதவும். ஒரு பக்கத்தில் தெரியாத சொல் வரும்போதெல்லாம் மாணவர் ஒரு விரலை மடக்க வேண்டும். ஐந்தும் மடங்கினால் தனியாக வாசிக்க அது கொஞ்சம் அதிகம். நீங்கள் வாசித்துக் காட்டுவதாக இருந்தால் அதையும் எடுக்கலாம்.

படி 3: எங்கே நிறுத்துவது?

நான் அதிக நேரம் செலவழிப்பது இதில்தான். கதவு தட்டப்படுகிறது, ஒருத்தி எழுந்து போகிறாள், தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். அங்கே நிறுத்துங்கள். "ஐயோ, அப்புறம்?" என்று ஒரு குரலாவது வர வேண்டும். வராவிட்டால் பகுதியை மாற்றுங்கள், பிள்ளைகளைத் திட்டாதீர்கள்.

உடனே ஐந்து நிமிடம் எழுத்து. பேனா நிற்கக் கூடாது, எழுத்துப்பிழை பற்றிக் கவலை வேண்டாம். நீங்களும் உட்கார்ந்து எழுதுங்கள். ஆனால் "முடிவை எழுது" என்று மட்டும் சொல்லாதீர்கள், பாதிப் பேர் எல்லாமே கனவு என்று முடித்துவிடுவார்கள். கதவுக்கு வெளியே நிற்பவர் சொல்வதாக எழுதச் சொல்லுங்கள். அல்லது இந்தத் தட்டலால் தூக்கம் கலைந்த பக்கத்து வீட்டுக்காரரின் புகார்க் கடிதம். அதே சம்பவம்தான், சொல்லும் ஆள் மட்டும் வேறு. ஆங்கிலத்தில் தயங்குகிறவர்களுக்கு முதல் பாதி வாக்கியத்தைப் பலகையில் எழுதிக் கொடுங்கள்.

படி 4: வாசிப்பே தடையாக இருந்தால் படம்

அமெரிக்க நாளிதழான நியூயார்க் டைம்ஸின் கற்றல் பகுதி, விளக்கக் குறிப்பு இல்லாத செய்திப் புகைப்படம் ஒன்றைக் கொடுத்து மூன்று கேள்வி கேட்பது வழக்கம்: இதில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? வேறு என்ன கண்டுபிடிக்க முடியும்? நீங்கள் எடுத்த படத்துக்கும் இதே மூன்று போதும். இரண்டாவது கேள்விதான் முக்கியம். படத்திலிருந்து ஆதாரம் எடுத்துக்காட்டப் பழகியவருக்குப் பத்தியிலிருந்து எடுப்பதும் பிடிபட்டுவிடும்.

படி 5: திருத்தம்

ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று. இன்று வினைச்சொல்லின் காலம் என்றால் அது மட்டும். சிவப்பு மையில் குளித்த தாளைத் திரும்பப் பார்க்கிற பிள்ளை இல்லை.

வகுப்பு முடிந்ததும் எங்கே சிரிப்பு கிளம்பியது, எங்கே கொட்டாவி வந்தது என்று அந்தப் பகுதியின் ஓரத்திலேயே குறித்துக் கொள்ளுங்கள். அடுத்த பிரிவுக்கு அதே தாளை எடுத்துப் போய், கொட்டாவி வந்த வரிக்கு முன்பே நிறுத்திவிடலாம்.