மறுசுழற்சி நிறுவனத்தை நட்சத்திரங்களால் எடை போடலாமா?

2019 ஆகஸ்ட் 5 அன்று, கலிபோர்னியாவில் காலிப் பாட்டில்களையும் டின்களையும் திரும்ப வாங்கிவந்த மிகப் பெரிய நிறுவனமான ரீபிளானெட், தன்னிடம் மிச்சமிருந்த 284 மையங்களையும் ஒரேயடியாக மூடியது. சுமார் 750 பேர் வேலை இழந்தார்கள். அதற்கு முந்தைய வாரம் அந்த மையங்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தவர்களுக்கு, நிறுவனம் மாநிலமெங்கும் வேரூன்றி நிற்பதாகவே தோன்றியிருக்கும். இப்படி ஒரு மாநிலத்துக்குள் இயங்கும் மறுசுழற்சி நிறுவனங்களை, கிளைகள் இருக்கும் இடங்களையும் இணையத்தில் வாடிக்கையாளர்கள் தரும் நட்சத்திர மதிப்பீடுகளையும் வைத்து ஆராய்பவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான்: கிளைகளை எண்ணி, அந்த எண்ணிக்கையைப் பலம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்தக் கிளைகள் ஏன் அங்கே இருந்தன என்று கேட்டால் கதை மாறிவிடும். கலிபோர்னியாவில் குளிர்பானம் அல்லது பீர் வாங்கும்போது விலையோடு 5 சென்ட் சேர்த்துக் கட்ட வேண்டும். 24 அவுன்ஸோ (சுமார் 710 மி.லி.) அதற்கு மேலோ பிடிக்கும் பாட்டில் என்றால் 10 சென்ட். காலியானதைக் கொடுத்தால் காசு திரும்பக் கிடைக்கும். 1986-இல் இயற்றப்பட்ட சட்டம் இது. டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் பாட்டிலைத் தந்தால் திருப்பித் தருகிறார்களே, ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். ஆனால் கலிபோர்னியாவில் பெரும்பாலும் விற்ற கடை திரும்ப வாங்குவதில்லை. அதற்கென்று தனி மையங்கள் இருக்கின்றன.

அந்த மையங்கள் எங்கே அமைய வேண்டும் என்பதைச் சட்டமே சொல்கிறது. ஆண்டுக்கு 20 லட்சம் டாலருக்கு மேல் விற்பனையாகும் ஒவ்வொரு சூப்பர் மார்க்கெட்டைச் சுற்றியும் அரை மைல் ஆரத்தில் ஒரு வட்டம். அதற்குள் ஒரு மையமாவது இருக்க வேண்டும். அப்படிக் கடைகளின் வாகன நிறுத்துமிடங்களில் அமையும் மையங்களுக்கு மாநிலம் கட்டணமும் தருகிறது. ஆக, ரீபிளானெட்டின் வரைபடம் என்று நாம் பார்த்ததில் பெரும்பகுதி சூப்பர் மார்க்கெட்டுகளின் வரைபடம். வாடிக்கையாளர் எங்கே அதிகம், எந்த ஊரில் லாபம் என்பதெல்லாம் அதில் தெரியாது. அலுமினியமும் பிளாஸ்டிக்கும் பழைய பொருள் சந்தையில் விலை சரிந்து, மாநிலம் தரும் தொகை குறைந்து, கூலி ஏறியபோது, பரவிக் கிடந்த கிளைகளே பரவிக் கிடந்த நஷ்டமாயின.

இதை முன்கூட்டியே மோப்பம் பிடித்திருக்க முடியுமா? ஓரளவு முடியும். 2016-லேயே அந்த நிறுவனம் 191 மையங்களை மூடியிருந்தது. ஒரே ஒரு தேதியின் வரைபடத்தை வைத்துக்கொண்டு உட்காராமல், மூன்று ஆண்டு இடைவெளியில் இரண்டு வரைபடங்களை அருகருகே வைத்திருந்தால் போதும்.

கூகுள் வரைபடத்தின் குறிகளை அப்படியே பட்டியலாக இறக்கிக்கொள்வதும் கூடாது. மூடிய மையத்தின் குறி நீக்கப்படாமல் கிடக்கலாம். அலுவலகம், தரம் பிரிக்கும் கிடங்கு, பொதுமக்களிடம் வாங்கும் மையம் மூன்றும் ஒரே மாதிரிக் குறியாகத் தெரியும். உரிமம் பெற்ற மையங்களின் பட்டியலைக் கால்ரீசைக்கிள் என்ற மாநிலத் துறையே வெளியிடுகிறது. அதோடு ஒப்பிடாத ஆய்வை நான் நம்ப மாட்டேன். தூரமும் அப்படித்தான். வட்டத்துக்குள் அரை மைல் என்பது காகிதத்தில் அரை மைல். நடுவே நெடுஞ்சாலை ஓடினால், தள்ளுவண்டியில் பாட்டில்களை ஏற்றி நடந்து வருபவருக்கு அது வேறு தூரம். சான் பிரான்சிஸ்கோவில் 2022-இல் தொடங்கிய பாட்டில்பேங்க் போன்ற நடமாடும் சேவைகளுக்கு நிலையான குறியே கிடையாது. குறிகளை மட்டும் எண்ணுபவர் அந்தச் சேவை இல்லை என்றே எழுதிவிடுவார்.

இனி நட்சத்திரங்கள். இங்கேதான் குழப்பம் அதிகம், கவனம் குறைவு.

வாடிக்கையாளர் திட்டுவதெல்லாம் நிறுவனத்தின் குற்றம் ஆகிவிடாது. விஸ்கி போன்ற மதுவகைகள், ஒயின் ஆகியவற்றின் பாட்டில்கள் இந்தத் திட்டத்துக்குள் வந்தது 2024 ஜனவரியில்தான். அதற்கு முன் ‘ஒயின் பாட்டிலை வாங்க மறுத்தார்கள்’ என்று ஒற்றை நட்சத்திரம் போட்டவர் உண்மையில் சட்டத்துக்குத்தான் போட்டார். பால் பாட்டிலுக்கு இன்றும் காசு கிடையாது. மாறாக, ‘முப்பது டின் கொண்டுபோனேன், எண்ண மாட்டோம், எடைக்குத்தான் காசு என்றார்கள்’ என்பது கனமான புகார். ஒவ்வொரு பொருள் வகையிலும் 50 வரை எண்ணிக்கைக் கணக்கில் காசு கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. இரண்டு புகாருக்கும் ஒரே நட்சத்திரம்தான். சராசரியில் இரண்டும் கரைந்து ஒன்றாகிவிடும். விமர்சனங்களை வாசித்து, சட்டத்தின் மீதான கோபம், நிறுவனத்தின் மீதானது, அந்தக் கிளையின் ஊழியர் மீதானது என்று பிரிக்காமல் சராசரி எடுப்பது வீண் வேலை.

யார் எழுதுகிறார்கள் என்பதும் முக்கியம். மாதம் ஒருமுறை காரில் இரண்டு பையோடு வருபவர் எழுதுவார். தினமும் தெருத்தெருவாகப் பொறுக்கி விற்றுப் பிழைப்பவர் எழுதுவது அரிது. தராசில் ஏமாற்றப்பட்டால் அதிகம் இழப்பவர் அவர்தான். சத்தம், நெரிசல் என்று எழுதும் அக்கம்பக்கத்தாரோ வாடிக்கையாளரே அல்லர்.

நான்கே பேர் மதிப்பிட்டு 5.0 பெற்ற கிளையை, 600 பேர் மதிப்பிட்டு 3.9 பெற்ற கிளைக்கு மேலே வைக்கும் பட்டியல்களையும் பார்க்கிறோம். எளிய மருந்து ஒன்று உண்டு. எல்லாக் கிளைகளின் பொதுச் சராசரி 3.5 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கிளைக்கும் அந்த 3.5-இல் இருபது கற்பனை மதிப்பீடுகளைச் சேர்த்துக் கணக்கிட்டால், முதல் கிளை 3.75-க்கு இறங்கும், இரண்டாவது கிட்டத்தட்ட 3.89-இல் நிற்கும். இருபது என்ற எண் வேதவாக்கு அல்ல; பத்தும் நாற்பதும் போட்டுப் பார்த்து வரிசை எவ்வளவு ஆடுகிறது என்று கவனிக்கலாம். பெரிதும் ஆடினால் அந்தப் பட்டியலை வெளியிடாமல் இருப்பதே நல்லது.

ஆனால் இவற்றையெல்லாம் சரியாகச் செய்தவர்களும் இடத்தை ஒரு கோப்பிலும் மதிப்பீட்டை இன்னொரு கோப்பிலும் வைத்துக்கொண்டு இரண்டு தனி அத்தியாயங்கள் எழுதிவிடுகிறார்கள். ஒரு பகுதியில் மூன்று மையங்கள் மூடப்பட்டால் அங்கே போனவர்கள் நான்காவதுக்குத்தான் வருவார்கள். வரிசை நீளும், கொள்கலன் நிரம்பி வழியும், பொறுமை போகும், நட்சத்திரம் சரியும். ஊழியர்கள் முன்பு செய்த அதே வேலையைத்தான் செய்திருப்பார்கள். எனவே ஒரு கிளையின் மதிப்பீடு சரியத் தொடங்கிய மாதத்தைக் குறித்துக்கொண்டு, சுற்றிலும் சில மைல்களுக்குள் எந்த மையம் எப்போது மூடியது என்ற தேதிகளை அதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டும் பொருந்தினால், அந்தக் கிளையின் மேலாளரை மாற்றச் சொல்லும் பரிந்துரையை அறிக்கையிலிருந்து எடுத்துவிடலாம்.