மிஸ் அடித்து நின்றுபோகும் பழைய கார்: எங்கே தவறுகிறோம்?

காலையில் முதல் செல்ஃபிலேயே ஸ்டார்ட் ஆகும். அரை மணி நேரம் ஓடி என்ஜின் சூடேறியதும் சிக்னலில் வண்டி குலுங்கும், மிஸ் அடிக்கும் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் என்ஜின் தடுமாறும்), பொசுக்கென்று ஆஃப் ஆகிவிடும். கொஞ்ச நேரம் ஓரங்கட்டி வைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே மிஸ் அடிக்கவே அடிக்காது. கோளாறு இல்லாத நேரத்தில் அதைத் தேடுகிறோம், கிடைக்காதபோது எதையாவது மாற்றுகிறோம். பணம் கரைவது இப்படித்தான்.

என் வண்டிக்கு பிளக், அதற்கு உயர் வோல்ட் கொடுக்கும் காயில், பெட்ரோல் ஃபில்டர் என்று ஒவ்வொன்றாகப் புதிது போட்டோம். ஒவ்வொரு முறையும் நாலு நாள் நன்றாக ஓடும். கடைசியில் பிடிபட்டது, பேட்டரி மைனஸிலிருந்து என்ஜினுக்குப் போகும் எர்த் ஒயர். மேலே ரப்பர் நன்றாகத்தான் இருந்தது. முனையை வளைத்துப் பார்த்தால் உள்ளே செம்பு இழைகள் பச்சை பூத்து, பாதி அறுந்து கிடந்தன. மல்டிமீட்டர் இருந்தால் இது ஒரு நிமிட வேலை. என்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மற்றதை என்ஜின் பிளாக்கிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைச் சந்தேகிக்கலாம்.

நின்றவுடன் பதறிப்போய் செல்ஃப் அடித்துக்கொண்டே இருப்பது அடுத்த தவறு. தடயம் கிடைப்பதே அந்த இரண்டு நிமிடத்தில்தான். சாவியை அணைத்ததுபோல் டக்கென்று நின்றதா? கரண்ட் பக்கம் பாருங்கள். முக்கி முனகி, இழுவை குறைந்து நின்றதா? பெட்ரோல் வரத்தைப் பாருங்கள். எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் வழியே பெட்ரோல் தெளிக்கும்) வண்டியென்றால் சாவியை ஆன் செய்து பின்சீட்டுப் பக்கம் காதை வையுங்கள். பல வண்டிகளில் பம்ப் ஓரிரு வினாடி ஓடி நிற்கும் சத்தம் கேட்கும். செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள் அசையவே இல்லையென்றால் என்ஜின் சுற்றுவதைக் கண்டறியும் கிராங்க் சென்சார் மேல் சந்தேகம் வலுக்கும். சூட்டில் செத்து, ஆறியதும் பிழைத்துக்கொள்வது அதன் குணம். காயிலுக்கும் அதே குணம் உண்டு. மழை நாளில் மட்டும் மிஸ் அடித்தால் பிளக் ஒயர், பிளக்குகளுக்கு கரண்ட்டைப் பிரித்துக்கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி. பள்ளத்தில் இறங்கும்போது என்றால் ஒயரிங் அல்லது ரிலே. இதையெல்லாம் தேதியோடு ஒரு தாளில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனரைப் போடும் முன் பேட்டரியைக் கழற்றாதீர்கள். பதிவான கோடு (கோளாறு எண்) அழிந்துவிடலாம். கோடு வந்தாலும் அதுவே தீர்ப்பு இல்லை. பி0302 என்றால் இரண்டாம் சிலிண்டரில் மிஸ் என்றுதான் பொருள், காயில் போய்விட்டது என்றல்ல. சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டியில் இரண்டாம், மூன்றாம் சிலிண்டர் காயில்களை இடம் மாற்றி ஓட்டிப் பாருங்கள். கோடு பி0303 ஆனால் காயில்தான் குற்றவாளி. மாறவில்லையென்றால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் பக்கம் போகலாம். செலவு ஒரு பைசா இல்லை. ஒரே நேரத்தில் மூன்று பாகங்களை மாற்றினால் எது சரிசெய்தது என்பதே தெரியாமல் போகும்.

ஓடும் என்ஜினில் பிளக் ஒயரைக் கையால் பிடுங்கிப் பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அதில் பாய்வது பல்லாயிரம் வோல்ட். கையோடு காயிலும் அடிவாங்கும்.

செக் என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னும்போது ஓட்டிக்கொண்டே போனால், எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சூட்டில் பாழாக்கும். நடுரோட்டில் என்ஜின் நின்றுவிட்டால் பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதிக்காதீர்கள். பிரேக்கை இலகுவாக்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் ஓரிரு மிதிக்குத்தான் வரும். ஒரே அழுத்தாக மிதித்து ஓரங்கட்டுங்கள். பவர் ஸ்டியரிங் கனக்கும், ஆனால் திரும்பும். வண்டி முழுதாக நிற்கும்வரை சாவியை உருவாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.